வலது பக்கக் கதவு

"வாங்கினா ஓட்டுவீங்களா?"

விலையைப் பற்றிப் பேச்செடுக்கும் முன்பே உமாமகேஸ்வரி கேட்ட கேள்வி இது. திருவானைக்காவல் வீட்டு ஷெட்டில் தார்ப்பாயை விலக்கியதும் சிவப்பு நிற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் பளபளவென்று நின்றது.

காரை வாங்க வந்திருந்த நஸ்ருல்லா பாய் பதறிவிட்டார். "ஓட்டுறதா? சாவியே போடமாட்டேம்மா. என் குடோன்ல இந்த மாதிரி நாலு நிக்குது. ஏசி போட்டு, துணி போத்தி வெச்சிருக்கேன். பத்து வருஷம் கழிச்சு விலை ஏறினப்புறம்தான் வெளிய வரும்."

புரோக்கர் அமிர்தராஜ் பாயைப் பார்த்துக் கண்ஜாடை காட்டினார். உமாமகேஸ்வரியின் கணவர் ஜெய்சங்கர் சிங்கப்பூரிலிருந்து ஆசை ஆசையாகக் கொண்டுவந்த கார். போன ஐப்பசியில் அவர் காலமாகிவிட்டார். ஆசையாக ஓட்டுகிற ஆளிடம் கொடுக்கத்தான் அந்த அம்மா நினைப்பார், பாய் காரியத்தைக் கெடுத்துவிட்டாரே என்று அமிர்தராஜ் நொந்துகொண்டார்.

பாய் கையடக்கமான ஒரு மீட்டரை எடுத்துக் காரின் உடம்பெல்லாம் வைத்து வைத்துப் பார்த்தார். பெயின்ட் எவ்வளவு கனம் என்று காட்டுகிற மீட்டர் அது. வலது பக்கக் கதவில் வைத்ததும் எண் எகிறியது.

"இது கம்பெனி பெயின்ட் இல்லம்மா. கதவையே மாத்தியிருக்கு."

"ஆமா பாய், அடிபட்ட வண்டிதான். நான் எதையும் மறைக்கல. அவர்தான் ஜப்பான்லேருந்து கதவை வரவழைச்சு மாட்டினார். ஆறு வருஷம் ஆச்சு."

"அதுக்கப்புறம் எவ்வளவு ஓடியிருக்கு?"

"ஒரு கிலோமீட்டர்கூட ஓடல. ஞாயித்துக்கெழமையானா தொடைப்பார். ஏறமாட்டார்."

பாயின் முகம் மலர்ந்தது. "உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்மா. கிலோமீட்டர் ஏறினா ரேட்டு எறங்கும்னு தெரிஞ்சு வெச்சிருக்கார். கம்பெனி இந்த மாடல் பண்றதை நிறுத்திப் பல வருஷம் ஆச்சு. வெளிநாட்டுல தேடித் தேடி வாங்குறாங்க. இதுல போட்ட காசு தங்கத்துல போட்ட மாதிரி. அந்தக் கதவு ஒரிஜினலா இருந்திருந்தா நானே அம்பது தருவேன். இப்ப முப்பத்தெட்டு லட்சம்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் உமாமகேஸ்வரி.

மறுநாள் முசிறியிலிருந்து பூவரசன் வந்தான். வாழைக்காய் மண்டி வைத்திருக்கிற வீட்டின் ஒரே பையன். காரைப் பார்த்ததும் ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான். கோயிலா இது என்று அமிர்தராஜுக்குச் சிரிப்பு வந்தது.

அவனிடமும் அதே கேள்வி. "வாங்கினா ஓட்டுவியா தம்பி?"

"ஓட்டாம எப்படிம்மா? கார்னா ஓடணும்ல. காலைல அஞ்சு மணிக்குக் காவிரிப் பாலம் காலியா இருக்கும். அங்க முதல்ல ஒரு விரட்டு விரட்டணும்." அவன் கண்கள் காரைவிட்டு நகரவில்லை. "கதவு பெயின்டெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்ல. அப்பா அம்பது வரைக்கும் தரச் சொல்லிட்டார்."

"உனக்கு என்ன வயசு?"

"இருபத்திநாலும்மா."

உமாமகேஸ்வரி உள்ளே போய் அவனுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்து முடிக்கிறவரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாபாரம் முடிந்த மாதிரிதான் என்று அமிர்தராஜ் நிம்மதியாகத் திரும்பினார்.

சாயங்காலம் போன் வந்தது. "பாய்க்கே குடுத்துடுங்க."

அமிர்தராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பன்னெண்டு லட்சம் வித்தியாசம்மா. மாடி ஒழுகுது, எப்படிக் கட்டுறதுன்னு நீங்கதானே கவலைப்பட்டீங்க? அந்தப் பையன் இதைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்குவான்."

"ஒழுகினா ஒழுகட்டும். பாய்க்கே குடுங்க."

கை நிறைய வருகிற பணத்தைக் காலால் தள்ளுகிறவர்களிடம் என்ன பேசுவது? அமிர்தராஜ் போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை பாய் லாரியோடு வந்தார். காரை ஸ்டார்ட் செய்யாமலே கயிறு போட்டு மேலே ஏற்றினார்கள். எந்த வண்டி கைமாறினாலும் நாலு எலுமிச்சம்பழத்தோடு வருவது அமிர்தராஜின் வழக்கம். சக்கரத்துக்கு அடியில் வைக்கப் போனவரை உமாமகேஸ்வரி தடுத்தார்.

"அது ஓடுற வண்டிக்குத்தாங்க. இதுக்கு வேண்டாம்." பிறகு பாயிடம் திரும்பினார். "நாளைக்கு நீங்க வித்தாலும் ஓட்டாத ஆளாப் பார்த்துதானே விப்பீங்க?"

"எங்க லைன்ல யாரும் ஓட்டமாட்டாங்கம்மா. கவலைப்படாதீங்க." இப்படிப்பட்ட முதலீட்டு மூளை எத்தனை பெண்களுக்கு இருக்கிறது என்று பாய் வியந்தபடியே லாரியில் ஏறினார்.

லாரி தெருமுனை திரும்பியபோதுதான் பூவரசனின் பைக் வந்து நின்றது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு முசிறியிலிருந்து ஒரே மூச்சில் வந்திருந்தான். காலி ஷெட்டைப் பார்த்ததும் பைக்கைவிட்டு இறங்காமலே கேட்டான்.

"ரேட்டு பத்தலையாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் சேர்த்துக் குடுத்திருப்பேனே."

"ரேட்டு இல்லப்பா."

"சின்னப் பையன், தாறுமாறா ஓட்டுவான்னு நெனச்சுட்டீங்களா? நான் நல்லா ஓட்டுவேம்மா. சத்தியமா."

உமாமகேஸ்வரி படியிறங்கி வந்து அவன் தோளைத் தொட்டார். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.

"என் புள்ளையும் நல்லாத்தான் ஓட்டுவான் தம்பி. வலது பக்கக் கதவை அறுத்துத்தான் அவனை வெளிய எடுத்தாங்க."