ஒழுகாத ஓட்டை

இன்றைக்கும் எஞ்சின் இருமிவிட்டு அடங்கிப் போனது. வாவிக்கரையில் கூடி நின்ற சனம் “சே!” என்றது.

சுனாமி அடித்து இரண்டு கிழமை ஆகியிருந்தது. காணாமல் போனவர்களைத் தேட உதவுவதற்காக ஒரு வெள்ளைக்காரர் மிதவை பூட்டிய சின்ன விமானம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவரைத் தவிர இன்னும் ஒருவரைத்தான் அது தூக்கும். அந்த இடத்தில் சுலோஜனா உட்கார்ந்திருந்தாள்.

புருஷனையும் மகளையும் அலை கொண்டுபோனதில் இருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் கிடந்தவள் அவள். விமானத்தைக் கண்ட பிறகுதான் ஒரு வாய் சோறு தின்கிறாள்.

“அவருக்கு மண் போட்டாச்சு. புள்ளயத்தான் காணல்ல,” என்று முதல் நாளே அழுதாள். “மேல போய்ப் பாக்கோணும். வாவிக்கரைக் கண்ணா மரப் பத்தைக்குள்ள கிடந்தா எடுத்து அடக்கம் செய்வன். இல்லாட்டி உசிரோட இரிக்காள் எண்டு தேடுவன். மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். காலில கொலுசு.”

அதை வெள்ளைக்காரருக்கு இங்கிலீசில் சொன்னவர் நல்லரத்தினம். கட்டாரில் வேலை செய்தவர், ஊரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். மஞ்சள் சட்டை, ஒரு காலில் கொலுசு என்று தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார். நாள் சம்பளத்துக்கு விமானத்தைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்குத்தான் வந்தது.

அடுத்த நாளே வில்லங்கம் தொடங்கிவிட்டது.

“ஏனண்ணன் இண்டைக்கும் நிண்டது?” என்றாள் சுலோஜனா.

“பம்ப் பூட்டின இடம் பிழை புள்ள. பெற்றோல் தாங்கி கீழ கிடக்கு, பம்ப் மேல எஞ்சினோட கிடக்கு. அவ்வளவு தூரம் இழுக்கக்குள்ள பெற்றோலுக்குப் பதிலா காத்து வருது. கீழ இறக்கிப் பூட்டோணும்.”

“நேத்தும் இதத்தானே சொன்னீங்க?”

“மறுகா ஒருக்காப் பாக்கிறன்.”

இங்கே வரும்வரை ஒழுங்காகத்தானே ஓடியது என்று வெள்ளைக்காரர் தலையைச் சொறிந்தார். ஓர் இடத்திலும் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

“சம்பளம் கிடைக்குதெண்டு நாள இழுக்கிறார்,” என்று கூட்டத்தில் நின்ற புஸ்பம் எல்லோருக்கும் கேட்கவே ஏசினாள். யார்தான் ஏச மாட்டார்கள்?

மறுநாள் சனம் கூடுமுன்னே சுலோஜனா கரைக்கு வந்தாள். விமானத்துக்கு அடியில் நல்லரத்தினம் குனிந்து நின்றார். தாங்கியில் இருந்து பம்புக்குப் போகும் குழாயின் கிளிப்பை ஸ்குறூ டிறைவரால் தளர்த்திக்கொண்டிருந்தார்.

அவள் வள்ளக்காரன் பெண்சாதி. அந்த இடம் தளர்ந்தால் பெற்றோல் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

“நீங்கதானா அண்ணன்?”

அவர் கிளிப்பில் இருந்து கையை எடுத்தார்.

“நீங்கெல்லாம் ஒரு மனிசனா? ஒரு தாய்ட வயித்தெரிச்சல் உங்களச் சும்மா விடாது!”

ஸ்குறூ டிறைவரைப் பறித்து, கிளிப்பை அவளே இறுக்கினாள். அவர் தடுக்கவில்லை.

அன்றைக்கு எஞ்சின் இருமவில்லை. விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, பாலத்தைத் தாண்டி, முகத்துவாரப் பக்கம் போய் மறைந்தது. அது திரும்பி வரும்வரை நல்லரத்தினம் முழங்கால் தண்ணீரில் அசையாமல் நின்றார். பாவி மனுஷன், வெயிலுக்குக்கூட ஒதுங்கவில்லை.

இறங்கிய சுலோஜனா சிரித்துக்கொண்டே தண்ணீரில் ஓடி வந்தாள். அலைக்குப் பிறகு அவள் சிரித்ததை யாரும் கண்டதில்லை.

“அண்ணன்! கண்ணாப் பத்தை, மண்மேடு, முகத்துவாரம் எல்லாம் பாத்தம். எங்கயும் இல்ல! என்ட புள்ள உசிரோடதான் இரிக்காள்! ஏசினத மனசில வெச்சிராதீங்க. இண்டைக்கே ஒவ்வொரு முகாமாத் தேடப் போறன்.”

நல்லரத்தினம் சட்டைப் பையில் இருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்தார். அதற்குள் இருந்த ஒற்றைக் கொலுசை அவளுடைய உள்ளங்கையில் வைத்தார்.

“மேல இருந்து பாத்தாத் தெரியாது புள்ள. நான்தான் மண் போட்டன்.”