ரெண்டு ஆள் பீரோ

“மூணு மாசமா சீந்துவாரில்லாமக் கெடந்துச்சு டீச்சர். இப்ப மூணே வாரத்துல பத்தொன்பது போயிருச்சு. எப்படின்னு எனக்கே புரியல” என்றார் பொன்ராஜ் அண்ணாச்சி.

சுபத்ராவுக்குச் சந்தோஷத்தை விடக் குறுகுறுப்புதான் அதிகமாக இருந்தது.

மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஆராய்ச்சி வேலை. கரிசல்காட்டில் அடுப்பெரிக்கிற பருத்தி மாரை, காய்ந்த செடிக் குச்சிகளை, நறுக்கி, பசை சேர்த்து அழுத்தி, நடுவே தேன்கூடு மாதிரி இடைவெளி விட்டு, மேலே மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிப் பலகையாக்கியிருந்தாள். தேக்கின் உறுதி, கால்வாசி எடை. பத்து வருஷ உழைப்பு.

அந்தப் பலகையில் இருபது பீரோ செய்து, அருப்புக்கோட்டையில் அண்ணாச்சியின் மரச்சாமான் கடையில் வைத்திருந்தாள். ஆவணிக்குள் இருபதும் விற்றால் ஆலை வைக்கலாம், இல்லாவிட்டால் திட்டத்தையே மூடிவிடலாம் என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது.

முதலில் விற்ற மூன்றும் போன வேகத்தில் திரும்பி வந்தன. கடையில் லோடு இறக்கும் சோணைமுத்து, ஒற்றை ஆளாகப் பீரோவைத் தோளில் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் போக, “சீருன்னு சொல்லி அட்டைப்பெட்டியைக் குடுத்துவிட்டிருக்காக” என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்களாம்.

அந்தப் பக்கத்தில் சீர் பீரோவை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை ஆள் தூக்கினார்கள் என்றுதான் பார்ப்பார்கள். இது சுபத்ராவின் ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாமல் போய்விட்டது.

“கடைசிப் பீரோ இப்பத் திருச்சுழிக்குப் போகுது. கூடப் போயிப் பாருங்க” என்றார் அண்ணாச்சி.

டெம்போவில் முன்னால் ஏறிக்கொண்டாள். பின்னால் சோணைமுத்துவும், ரத்தினம் என்று இன்னொரு ஆளும்.

திருச்சுழிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. சோணைமுத்து இறங்கிப் போய், டிரம்மில் தண்ணீர் மொண்டு தலையிலும் பனியனிலும் ஊற்றிக்கொண்டார். ரத்தினமும் அப்படியே செய்தான்.

“என்னண்ணே, வெக்கை தாங்கலையா?”

“இல்ல டீச்சரம்மா. வேர்க்கணும்ல!”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கல்யாண வீட்டு வாசலில் விளங்கியது.

“ஏலே ரத்தினம், அடியப் பிடிலே! விட்டுட்டா என் காலு போயிரும்!” பல்லைக் கடித்துக்கொண்டு சோணைமுத்து முக்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் இரண்டு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். ஒத்தாசைக்கு வந்த இளவட்டத்தை, “தள்ளுங்க தம்பி, விசேச வீட்ல இடுப்பு பிடிச்சுக்கிட்டா ஆகாது” என்று விரட்டியடித்தார்.

மாப்பிள்ளையின் அத்தை சந்தனம்மாள் மூக்கில் விரலை வைத்தாள். “யப்பா, இம்புட்டு கனமா?”

“இறக்குறதுக்குள்ள உசுரு போயிருச்சு தாயி!”

“பொண்ணு வீட்டுக்காரவுக குறை வைக்கலப்பா” என்று பூரித்துப் போனாள் அவள்.

உள்ளே கல்லையோ மணலையோ வைத்துவிட்டார்களோ? ஆள் நகர்ந்ததும் சுபத்ரா பீரோவைத் திறந்து பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

டெம்போவுக்குத் திரும்பியதும் சோணைமுத்துவைப் பிடித்துக்கொண்டாள். “லேசா இருக்கணும்னு பத்து வருஷம் பாடுபட்டிருக்கேன். நீங்க கனம்னு ஊரெல்லாம் பொய் சொல்றீங்களே! ஒரு ஆள் போதும்னு தெரிஞ்சா கூலி போயிரும்னுதானே ரெண்டு பேரா வந்து நாடகம் போடுறீங்க?”

“எனக்குக் கூலியே கெடையாது டீச்சரம்மா” என்றான் ரத்தினம். “மாமா கூப்பிட்டாக, வந்தேன். ஒரு டீயும் வடையும்தான்.”

சோணைமுத்து துண்டை எடுத்து ஈரத்தைத் துடைத்தார். தோள்பட்டையில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்த்துப் போயிருந்தது.

“இருவது வருசமாத் தேக்குப் பீரோ தூக்குறேன் டீச்சரம்மா. நடுமுதுகு போச்சு. குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாது. உங்க பீரோவ மொதமொத தோள்ல வச்சப்ப, வச்சமா இல்லையான்னே தெரியல. அழுகையே வந்துருச்சு.”

துண்டைப் பிழிந்துகொண்டே மேலே சொன்னார்.

“அந்தக் கிறுக்குல ஒத்தையாத் தூக்கிட்டுப் போயி, மூணு பீரோ திரும்பி வர நானே காரணமாயிட்டேன். இது நின்னு போச்சுன்னா மறுபடியும் தேக்குதான? அதான் இந்தக் கூத்து. தப்புன்னா மன்னிச்சுருங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“வாங்குறவுகள நெனச்சுத்தான் எல்லாரும் சாமான் செய்யிறாக. தூக்குறவன நெனச்சு செஞ்சது நீங்க ஒருத்தருதான். எங்க முதுக நெனச்சுத்தான டீச்சரம்மா பத்து வருசம் பாடுபட்டீக?”

அவளுடைய ஆராய்ச்சி அறிக்கையின் முதல் பக்கம் சுபத்ராவுக்கு மனப்பாடம். இந்தப் பலகையால் என்னென்ன லாபம் என்று அவளே எழுதியது. மரம் மிச்சம், லாரி வாடகை மிச்சம், ரெண்டு சுமையாள் தூக்குகிற இடத்தில் ஒருவரைக் குறைத்துவிடலாம்.

முதுகு என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை.

“ஆமாண்ணே” என்று பொய் சொன்னாள் சுபத்ரா.