கிறிஸ்துமஸ் சேலை

கடையின் பின்பக்க அறையில் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்ததும் ஞானசீலனுக்கு மனசு நிறைந்துபோனது. ஒவ்வொரு பெட்டியின் மேலும் ‘ஏழைத் தாய்மாருக்குக் கிறிஸ்துமஸ் சேலை’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

“இம்புட்டையும் சும்மாவா குடுக்கப் போறீங்க, கிளமெண்ட்?”

“எல்லாம் ஆண்டவர் குடுத்தது சார். நீங்க ஒரு ஜெபம் பண்ணிட்டு, மேசையில இருக்குற சேலைய மட்டும் கேமரா முன்னாடி குடுங்க. மிச்சத்தப் பசங்க பாத்துக்குவாங்க.”

காளவாசலில் மூன்று மாடி ஜவுளிக்கடை கிளமெண்டுக்கு. ஞானசீலன் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் ஒரே சர்ச். ஞானசீலன் வாயில் பொய் வராது என்று சபையில் ஒரு பேர் உண்டு. அதனால்தான் ஜெபத்துக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார் கிளமெண்ட்.

கடையின் முன்வாசலில் ஆளுயர நட்சத்திரம், பண்டிகைத் தள்ளுபடி பேனர், தூக்க முடியாமல் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கும் குடும்பங்கள். இலவசச் சேலைக்கு வந்தவர்களைப் பின்பக்கச் சந்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லியிருந்ததில் காலையிலிருந்தே பெண்கள் வந்து குவிந்திருந்தார்கள். இப்போது பொழுது சாய்கிற நேரம்.

பின்பக்க ஷட்டர் திடீரென்று தடதடவென அதிர்ந்தது.

ஞானசீலன் மாடிப்படி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். சந்து முழுக்கத் தலைகள். ஒரு முனையை ஜெனரேட்டர் வண்டி அடைத்து நின்றது. திறந்திருந்த மறுமுனை வழியாக ஆட்கள் இன்னும் உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள்.

ஷட்டரோடு நசுங்கி நின்ற ஒருத்தி, கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். குழந்தை அழவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது.

“கிளமெண்ட், உடனே ஷட்டரத் தெறங்க. மூச்சு முட்டிச் செத்துருவாங்க.”

“ட்ரோன் கேமராக்காரன் ஆரப்பாளையத்துல டிராபிக்ல நிக்கிறான் சார். அவன் வந்துரட்டும். கூட்டம் நெரிஞ்சாத்தான் வீடியோவுல எடுப்பாத் தெரியும்.”

“அப்ப போலீசுக்காவது ஒரு போன் போடுங்க.”

“போலீசு வந்தா கூட்டத்தக் கலைச்சு விட்ருவான் சார். போன தடவ கூட்டம் பத்தலன்னு வீடியோவ ஒரு பயலும் பாக்கல.” கிளமெண்ட் சிரித்தார். “சூரியபிரகாசு, மேசைக்குப் பின்னால கட்டுன பேனர மறைக்குது பாரு, அந்தப் பெட்டிகளத் தள்ளி வையிப்பா.”

கடைப் பையன் சூரியபிரகாஷ் செல்போனில் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் நாலு பெட்டி அடுக்கை அப்படியே தூக்கிச் சுவரோரம் வைத்தான்.

வெளியே ஒரு பெண் அலறினாள். “ஏத்தா, கீழ ஒரு ஆளு விழுந்துருச்சு! மிதிக்காதீக! மிதிக்காதீகடி!” ஷட்டர் உள்பக்கமாகப் புடைத்தது. எங்கோ ஒரு கம்பி ‘டங்’ என்று தெறித்தது.

ஞானசீலன் ஷட்டரைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஷட்டர் இப்போது திறந்தால், முன்னால் நிற்பவர்கள் மேல் பின்னால் நிற்பவர்கள் மொத்தமாக விழுவார்கள். திறக்காவிட்டாலும் சாவுதான்.

மேசை மேல் ஜெபத்துக்காக வைத்திருந்த மைக்கை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். இடது கையில் வேதாகமம் இருந்தது. ஜெபம்தான் என்று நினைத்து கிளமெண்ட் தலைகுனிந்து கண்ணை மூடிக்கொண்டார். சந்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது.

“தாய்மாரே, நான் ஞானசீலன் வாத்தியார் பேசுறேன். சேல தீந்துபோச்சு. இங்க ஒரு சேலகூட இல்ல. கடைசியில நிக்கிறவங்க மொதல்ல திரும்பி வீட்டுக்குப் போங்க.”

சந்திலிருந்து வசவு கிளம்பியது.

“அடப்பாவி! வெயில்ல காயப்போட்டுட்டு இப்பத்தான் வாயத் தெறக்குறியா?” ஒரு செருப்பு ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது. மண்ணாங்கட்டி ஒன்று அவர் தோளில் விழுந்து உடைந்தது. அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. அதையே திரும்பத் திரும்ப மைக்கில் சொன்னார்.

கடைசி வரிசை திட்டிக்கொண்டே திரும்பியது. அடுத்த வரிசை திரும்பியது. நெரிசல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கீழே விழுந்திருந்த பெண்ணை இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

குழந்தைக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். “திருவாதவூர்லருந்து பச்சத் தண்ணி குடிக்காம வந்து நிக்கிறேன். வேதப் புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு ஏமாத்துறியே, நீ நல்லாருப்பியா?”

குழந்தை இப்போது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் ஞானசீலன் மைக்கைக் கீழே வைத்தார்.

படியிறங்கினார். ஊரார் முன்னால் அவர் சொன்ன முதல் பொய். நாளைக்கே ஒரு வேன் பிடித்து இந்தப் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கிளமெண்ட் அடித்தாலும் சரி, காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம்.

கிளமெண்ட் அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. முகம் வெளிறி நின்றவர், ஞானசீலன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோரம் குனிந்து கேட்டார்.

“பெட்டியெல்லாம் காலின்னு ஒங்களுக்கு யாரு சார் சொன்னா?”