பொத்தான் டப்பா

மூன்றாவது டாக்டரும் கேள்வித்தாளை என்னிடமே நீட்டினார். மகள் திரும்பத் திரும்பச் செய்வது எது, எவ்வளவு நேரம்? பொத்தான்களை நிறவாரியாக அடுக்குவது, இரண்டு மணி நேரம் என்று எழுதினேன். பதினாறு வயது ஷெரின் பக்கத்திலேயே ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். "ஆட்டிசத்தோட, செஞ்சதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற ஓசிடியும் இருக்கு. பொத்தான் டப்பாவ ஒளிச்சு வைங்க. நாலு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடும்" என்றார். ஒளித்து வைத்தேன். அவள் அழவில்லை. போகிறபோக்கில் எப்போதும் தொடுகிற வாசல் தாழ்ப்பாளை விட்டு இப்போது நகர மறுத்து, திரும்பத் திரும்பத் தொட்டாள். பத்தாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "இதுல அப்படி என்னடி சந்தோஷம் உனக்கு?" என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்தேன். "சந்தோஷம் பொத்தான்லதாம்மா. இது எனக்குப் பிடிக்கவே இல்ல. தொடலன்னா நீ செத்துப் போயிடுவ." அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "இத ஏன்டி டாக்டர்கிட்ட சொல்லல?" "அவரு உங்கிட்டதானம்மா கேட்டாரு." அவள் விரலுக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது. மணிக்கட்டு இன்னும் என் பிடியில் இருந்தது.