முளைப்பயறு பிரைவேட் லிமிடெட்

முளைப்பயறுக் கஞ்சி தவிர வேறெதுவும் செரிக்காமல் படுத்துக் கிடந்த கணவர் செங்கோடனுக்காக, பூங்காவனம் பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டிவைத்திருந்தாள். சோதனைக்கு வந்த சத்துவரி அதிகாரி முடிச்சை அவிழ்த்து, முளையை ஸ்கேல் வைத்து அளந்தார்.

“முளை விட்டா சத்து கூடுதுல்ல? அப்ப இது உற்பத்திம்மா. உங்க வீட்டைக் கம்பெனியாப் பதிஞ்சாச்சு. நீங்களும் வீட்டுக்காரரும் டைரக்டர். வாழ்த்துகள்!”

“சந்தோசமுங்க சார். அவருக்குக் கஞ்சி வெக்கோணும்...”

“கம்பெனிச் சொத்தை டைரக்டரே திங்கலாமா? இனி இந்த வீட்டுக்குள்ள வர்ற பயறெல்லாம் கம்பெனியோடது.”

“திங்காட்டிச் செத்துப்போயிருவாருங்க.”

“அப்ப ராஜினாமா பண்ணட்டும். முப்பது நாள் நோட்டீஸ்.”

செங்கோடன் அன்றே ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்டார். இருபத்தோராம் நாள், டைரக்டராகவே இறந்தார்.

மாலையோடு வந்த அதிகாரிக்கு உண்மையிலேயே வருத்தம்.

“ஒம்பதே நாள்தாம்மா பாக்கி. நோட்டீஸை முடிக்காமப் போயிட்டாரே!”