துண்டுக்குள் பேசிய விலை

சந்தைக்குச் சாம்பல் நிறக் குதிரையைக் கொண்டுவந்தவள் ஒரு பெண். பக்கத்தில் நிற்பவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதால், வழக்கப்படி அவள் கையையும் வாங்க வந்த குமரவேலின் கையையும் ஒரு துண்டால் மூடினார்கள். இனி விரல்கள்தான் பேச வேண்டும். துண்டு அசைந்தது, அடங்கியது, மறுபடி அசைந்தது. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத் தன் வீட்டுக்குள் கேட்டதே இல்லை என்று அவன் மனைவி சிவகாமிக்குத் தோன்றியது.

“இன்னும் முடியலீங்களா?”

“இரு சிவகாமி, படிஞ்சு வர்ற நேரம்.”

“அம்மிணிக்கு அவசரமாட்ட இருக்குதுங்க,” என்றாள் குதிரைக்காரி.

“நீங்க கைய எடுங்க. நான் பேசிக்கறேன்.”

மாட்டுத் தரகரின் மகளான சிவகாமிக்கு விரல் கணக்கு தெரியும். கணவனின் கையை விலக்கிவிட்டுத் தன் கையை நுழைத்தாள். வெதுவெதுப்பாக இருந்த அந்தக் கை அவள் விரல்களைப் பிடித்து ஒரு முறை அழுத்தியது. சிவகாமி விரல்களை மாற்றிப் பிடித்துத் திருப்பி அழுத்தினாள். குதிரைக்காரி தலையசைத்தாள். விலை முடிந்துவிட்டது.

சிவகாமி துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

“இதுக்கா இத்தனை நேரம்?” என்று கணவனைக் கேட்டாள்.

குமரவேல் குதிரையின் வாயைத் திறந்து, பற்களைப் பார்க்கத் தொடங்கினான்.