வாலில்லா எலி

கேதீசனின் எலியை இன்றைக்குச் சாகடித்தே தீருவது என்று பற்றிக் முடிவு கட்டியிருந்தான்.

கேதீசன் அதற்குப் புதுப் பற்றரி போட்டதைப் பக்கத்தில் நின்றே பார்த்தான். கேதீசன் தேநீர் குடிக்கப் போனதும் அந்தக் கணினி மவுஸைக் கவிழ்த்து, வயிற்று மூடியை நகத்தால் நெம்பினான். புதிய பற்றரி இரண்டையும் உருவிவிட்டு, போன முறை செத்துத் திரும்பிய சோடியை மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்துப் போட்டு மூடினான். உருவியதில் ஒன்றைக் கந்தோர்ச் சுவரில் நின்றுபோயிருந்த மணிக்கூட்டுக்குக் கொடுத்தான். அது உடனே ஓடத் தொடங்கியது. மற்றதை லாச்சிக்குள் எறிந்தான்.

பற்றிக் அந்த நிவாரண நிறுவனத்தின் சாரதி, கேதீசன் அதிகாரி. சுனாமி அடித்த ஒன்றரை வருடத்தில் இப்படி எத்தனையோ அதிகாரிகளை ஏற்றி இறக்கியாயிற்று. ஆனால் வயரில்லாத மவுஸை மடியில் வைத்துக்கொண்டு வாகரைக்குப் போகிற துரையைப் பற்றிக் இப்போதுதான் பார்க்கிறான்.

வாகரையில் கரண்ட் கம்பங்கள் கடலோடு போய்விட்டன. பெண்கள் பிள்ளை பெறுகிற தகரக் கொட்டிலில் ஒரு நல்ல விளக்குக்கூட இல்லை. அதற்கு ஒரு வழி பார்க்கத் துப்பில்லை, இவருக்கு மவுஸ் ஒரு கேடா!

அந்த மவுஸ் ஓடினாலும் பரவாயில்லை. கூட்டங்களில் கேதீசன் மடிக்கணினியை விரலால்தான் தடவுவான், மவுஸ் பக்கத்தில் சும்மா படுத்துக் கிடக்கும். அப்படியிருந்தும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதுப் பற்றரி போட்டுக்கொண்டு போவான், ஒவ்வொரு முறையும் செத்த பற்றரியோடு திரும்புவான். வேலை செய்யாமலே தின்று கொழுக்கிற எலி என்று பற்றிக் கந்தோர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

"சேர், வால் வச்ச எலி ஒண்டு வாங்கினா பற்றரிக் காசு மிஞ்சுமே?" என்று வாகரைக்குப் போகிற வழியில் சித்தாண்டியைத் தாண்டும்போது குத்தலாகக் கேட்டான்.

"வால் இரிந்தா இது எனக்கு உதவாது அண்ணன்," என்றான் கேதீசன்.

கேளுங்கள் கதையை! பற்றிக் கியரை ஒரு அடி அடித்து மாற்றினான்.

மாங்கேணிச் சோதனைச் சாவடியில் வாகன வரிசை நீண்டு கிடந்தது. அதற்கு அப்பால் புலிகள் இயக்கத்தின் பகுதி. அங்கே போகிற சவர்க்காரக் கட்டியைக்கூட ஆமிக்காரர் வெட்டிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒருமுறை பற்றிக்கின் டோர்ச்சிலிருந்த பற்றரியைக்கூட உருவி எடுத்துவிட்டார்கள். கேதீசனோ முதல் பயணத்திலேயே சிப்பாயின் மேசைமேல் மவுஸை ஓட்டிக் காட்டி, பல்லை இளித்துச் சிநேகிதம் பிடித்து வைத்திருந்தான்.

"ஆ, எலி! எலி!" என்று இன்றைக்கும் அந்தச் சிப்பாய் சிரித்துக்கொண்டே வீதித் தடுப்புத் தடியை உயர்த்தினான். பற்றிக் மனதுக்குள் காறித் துப்பினான். துரைமாரின் விளையாட்டுச் சாமானுக்கு எங்கேயும் தடையில்லை.

வாகரையில் மீனவர் சங்கக் கூட்டம். கேதீசன், சனத்துக்குக் கட்டப்போகிற வீடுகளின் படங்களைத் தன் மடிக்கணினித் திரையில் காட்டினான். வழக்கம்போல விரலால்தான். பற்றிக்குக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மவுஸையும் ஒருக்கா ஓட்டிக் காட்டுங்களன் சேர், எங்கட சனமும் பாக்கட்டும்!" என்று பின்னாலிருந்து சத்தம் போட்டான்.

"பற்றரி முடிஞ்சிரும் அண்ணன்."

கூட்டமே சிரித்தது. கேதீசனும் கூச்சமில்லாமல் சேர்ந்து சிரித்தான். இப்படியும் ஒரு பிறவியா என்று பற்றிக்குக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டம் முடியப் பொழுது சாய்ந்துவிட்டது.

"பிள்ளைப்பேற்றுக் கொட்டிலடியில நிப்பாட்டுங்க அண்ணன். ஒரு படம் எடுக்கணும்."

"இந்த இருட்டுக்குள்ள என்னத்தை எடுக்கப் போறீங்க?"

கொட்டிலடியில் வண்டி நின்றதும் கேதீசன் மவுஸோடு இறங்கினான். ஒவ்வொரு முறையும் இதே கூத்துத்தான். பற்றிக் வழக்கமாக வண்டியை விட்டு இறங்குவதில்லை. இன்றைக்கு இறங்கிப் பின்னாலேயே போனான். எலி காலையிலேயே செத்துப்போன கதையை நாலு பேர் முன்னால் போட்டுடைக்க அவனுக்கு வாய் துறுதுறுத்தது.

கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. மருத்துவமாது சின்னத்தங்கம் கையில் ஒரு சின்ன டோர்ச்சோடு வாசலுக்கு ஓடிவந்தாள். ஓடிவரும்போதே அதன் பின்மூடியைத் திருகி, உள்ளே கிடந்த செத்த பற்றரி இரண்டையும் கேதீசனின் உள்ளங்கையில் கொட்டினாள்.

"கொண்டந்தயா மனே? கெதியாத் தா! புள்ளைக்குத் தலை தெரியிது, குப்பி விளக்குல எனக்கு ஒண்டும் விளங்குதில்ல!"

கேதீசன் மவுஸின் வயிற்றைத் திறந்து, அதிலிருந்த சோடியை டோர்ச்சுக்குள் போட்டுக் கொடுத்தான். சின்னத்தங்கம் அதன் பொத்தானை அமத்தினாள். திரும்பவும் அமத்தினாள். உள்ளங்கையில் தட்டிவிட்டு இன்னொரு தரம் அமத்தினாள், எரியவில்லை.

உள்ளே அந்தப் பெண் மறுபடியும் அலறினாள். கேதீசன் ஒன்றும் புரியாமல் பற்றிக்கைத் திரும்பிப் பார்த்தான்.

"புதுசுதானே அண்ணன்? காலையில நீங்க பாத்திட்டு நிக்கத்தானே போட்டனான்?"